சாதிக் கணக்கெடுப்பு: 1901இல் கேட்ட கேள்வி

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: சாதி என்று கேட்டால் உட்பிரிவைச் சொல்வதா, பட்டப்பெயரையா, சான்றிதழில் இருப்பதையா? இருப்பதை எண்ணுவதுதான் கணக்கெடுப்பு என்பார்கள் அதிகாரிகள். 1901இல் நடந்ததைப் படித்த பிறகு அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

அந்தக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, சாதிகளை எண்ணியதோடு நிற்கவில்லை. ஊரார் கருத்துப்படி எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்தவும் சொன்னார். மனுக்கள் குவிந்தன. சாதிச் சங்கங்கள் வலுப்பெற்றன, குல வரலாறுகள் அச்சேறின. பெயரையும் வருணத்தையும் மாற்றிப் பதியும்படி அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் கோரிக்கைகள் எழுந்தன. சென்னை மாகாணத்தில், பழைய பெயரை விட்டு ‘நாடார்’ என்றே பதிய வேண்டும் என்ற கோரிக்கை 1921 கணக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. அதில் ஒரு சமூகத்தின் தன்மானப் போராட்டம் இருந்தது. அந்தப் போராட்டமும் அரசுப் பதிவேட்டின் வாசலில்தான் நடக்க வேண்டியிருந்தது.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் குடகு மக்கள் பற்றிய 1952ஆம் ஆண்டு நூலில் ‘மேல்நிலையாக்கம்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார்: தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதிச் சடங்குகளையும் பழக்கங்களையும் கைக்கொண்டு உயர முயல்கின்றன. அந்த மனுக்களை இதற்குச் சான்றாகக் காட்டிவிடலாம். ஆனால் அவற்றில் சமூகத்தின் இயல்பு எவ்வளவு, ரிஸ்லியின் படிவம் எவ்வளவு? ஏணியைக் கொண்டுவந்து சாத்தியவரை மறந்துவிட்டு, ஏறுவது இவர்கள் சுபாவம் என்று விதி எழுத முடியுமா? கணக்கெடுப்பின் பங்கை சீனிவாஸே பின்னாளில் பேசினார். சாதி உணர்வை அது கூர்மையாக்கியதாகச் சமூகவியலாளர் ஜி.எஸ். குரியே 1932இலேயே எழுதினார். வகுப்பறைக்கு வந்து சேரும்போது கோட்பாடு மட்டும் மிஞ்சுகிறது, படிவம் உதிர்ந்துவிடுகிறது. அதுதான் என் கவலை.

மற்ற கேள்விகள்:

மொத்தம் எத்தனை சாதிகள்? 1931இல் 4,147, 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சம் பெயர்கள் என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம் என்ற மண்டல் ஆணையத்தின் கணக்கு எங்கிருந்து வந்தது? 1931 கணக்கெடுப்பின் எண்களை வைத்துப் போட்ட மதிப்பீடு.

நம் வீட்டில் எப்போது கேட்பார்கள்? இரண்டாம் கட்டத்தில், 2027 பிப்ரவரியில்.

கணக்கெடுப்பவர் சாதிப் பெயர்ப் பட்டியலை நீட்டினால்? அதைத் தொகுத்தது யார் என்று கேளுங்கள்.