சங்க வளாகத்தில் நிழலும் நீரும்

கூட்டுறவுச் சங்கங்கள் சொந்தக் கட்டடம் எழுப்பிக்கொள்வது மகிழ்ச்சிக்குரிய செய்தியாகும். ஆனால் கட்டடத்தைச் சுற்றிக் கிடக்கும் வெற்று நிலத்தை என்ன செய்வது என்பதை நிர்வாகக் குழுவினர் ஆர அமர யோசிப்பது அரிது. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் நகரத்து நாற்றுப் பண்ணையிலிருந்து புல்பத்தைகளும் சில அலங்காரச் செடிகளும் வண்டியில் வந்து இறங்குகின்றன. மறு ஆண்டு ஆய்வுக்குச் செல்லும்போது கணக்கில் "தோட்டச் செலவு" என்று ஒரு தொகை இருக்கிறது; தோட்டந்தான் இருப்பதில்லை. அங்கத்தினர்களின் பணம் இவ்வாறு காய்ந்து போவதைத் தவிர்க்க வேண்டுமானால், வளாகம் அமைக்கும் வேலையைப் பூச்செடியிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். அய்யலூர்ப் பகுதியை மனத்திற்கொண்டு இதனை இங்கே விளக்குவோம்.

நம் மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் செம்மண் வெடித்துக் கிடக்கும். புல்தரை என்பது ஆண்டு முழுவதும் தூறல் விழும் இங்கிலாந்தின் சரக்கு. அதை இங்கே கொண்டுவந்தால் கணக்கு எப்படி ஆகிறதென்று பாருங்கள். பத்து சென்ட் புல்தரை கோடையில் பசுமையாக நிற்க நாளொன்றுக்குச் சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் ஆண்டில் விழும் மழையைச் சேதாரம் போகச் சேகரித்தால் கிடைப்பது ஏறத்தாழ 60,000 லிட்டர். அதாவது, ஒரு கட்டடம் ஆண்டு முழுவதும் சம்பாதிக்கும் நீரை அந்தப் புல் முப்பது நாளில் குடித்துவிடும். அதே நீரைக் கொண்டு நாற்பது மரக்கன்றுகளுக்குக் கன்று ஒன்றுக்கு வாரம் 20 லிட்டர் வீதம் ஓராண்டுக்கு மேல் வார்க்கலாம். ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்று சொல்வோர் உண்டு. அந்தக் கிணற்றின் நீர் பக்கத்துத் தோட்டக்காரரின் தக்காளிக்கும் உரியது என்பதை நினைக்க வேண்டும்.

கூரை நீரைச் சேகரிக்கும் அமைப்பு 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பல இடங்களில் இருக்கிறது. அது இறங்கும் குழி மண் மூடிக் கிடக்கிறது. ஆகவே முதல் வேலை அக்குழியைத் தூர் வாருவது. இரண்டாவது, வளாகத்தின் சரிவைக் கண்டறிந்து, சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்திற்கு மண்வரப்பு போடுவது. மழை நாளில் ஒரு மணி நேரம் குடையுடன் நின்று நீர் எப்பக்கம் ஓடுகிறதென்று காரியதரிசி பார்த்துக்கொண்டால் போதும். இதற்கு எஞ்சினீயர் வேண்டியதில்லை.

அடுத்தது வெயில். நம் ஊர்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தரைப் பாகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சியில் நிற்கிறான். அப்போது அதிகம் கொதிப்பது கூரை. பிற்பகலில் கொதிப்பது மேற்குச் சுவர். எனவே நிழல் மரத்திற்கு முதல் இடம் மேற்குப் பக்கம், சுவரிலிருந்து பதினைந்து அடிக்குக் குறையாத தூரம். நூல் கிடங்கு உள்ள சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழகுக்கென்று கிடங்குச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டி நீர் விட்டால் ஈரம் சுவரேறும், நூலில் பூஞ்சணம் பிடிக்கும், கறையானும் வரும். சுவரைச் சுற்றி மூன்றடிக்குச் சரளைக் கல் பரப்பி, அங்கே எதையும் நடாமல் விடுவதே முறை.

எந்த மரம் என்ற கேள்விக்கு வேம்பு, புங்கு, பூவரசு, இலுப்பை, நாவல், மகிழம் என்று நம் முன்னோர் வைத்த மரங்களே விடை. புங்கு இலையுதிர்த்தாலும் விரைவில் தளிர்த்துக் கோடைக்கு நிழல் தந்துவிடும். மயில்கொன்றையின் பூ கண்ணைப் பறிக்கும். ஆனால் கிளை எளிதில் முறியும். ஆலும் அரசும் வளாகத்தின் கோடியில் நிற்கலாம். கட்டடத்திற்கும் சாக்கடைக்கும் அருகில் கூடாது. சில ஆண்டுகளாகக் கோனோகார்ப்பஸ் என்னும் செடி விரைவில் பச்சைச் சுவர் எழுப்புவதாகச் சொல்லி விற்கப்பட்டு வந்தது. அதன் வேர் குழாய்களையும் வடிகாலையும் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்ற புகார்களின் பேரில் குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. விரைவில் வளர்கிறது என்ற ஒரே காரணத்திற்காகச் சீமைக்கருவேலை வரவேற்றதன் பலனை நம் கண்மாய்கள் இன்றும் அனுபவிக்கின்றன.

விளைபொருள் வந்து இறங்கும் வளாகத்திற்குத் தேவை வேறு. அய்யலூர்த் தக்காளிச் சந்தையை அறிந்தவர்களுக்கு, பறித்த பழம் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. களத்தில் மரம் வைப்பவர்கள், லாரி நுழையும் வழியில் முதற்கிளை பதினைந்து அடிக்கு மேல் இருக்குமாறு இளமையிலேயே கவாத்து செய்ய வேண்டும். அடிமரத்தில் வண்டி இடிக்காதபடி கல் நட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, களத்திற்குச் சிமெண்டுத் தளம் போடும்போது மரத்தைச் சுற்றி ஆறடி வட்டம் மண்ணாக விட வேண்டும். தூரை ஒட்டித் தளம் போட்டுவிட்டு, மரம் பட்டுப் போனதற்கு நோயைக் குறை சொல்வது நியாயமன்று.

ஆடு இப்பகுதியின் செல்வம். வியாழக்கிழமை கூடும் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு வாங்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். கன்றுகளுக்கோ ஆடே முதல் பகை. இரும்புக் கூண்டுக்குச் செலவிடுமுன், ஆடு கடிக்காத செடிகளைப் புறவரிசையில் நடலாம். ஆடாதோடை என்ற பெயரே அதன் குணத்தைச் சொல்கிறது, நொச்சியும் அப்படியே. இரண்டும் வீட்டு வைத்தியத்திற்கும் உதவும். எல்லைக்குக் கம்பி வேலிக்குப் பதிலாகக் கிளுவைப் போத்துகளை மழைக்குமுன் நெருக்கமாக ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக 2022 அக்டோபரில் அரசு அறிவித்தது. அய்யலூர்க் காடுகளும் தேவாங்கின் இருப்பிடமே. அது இரவில் கிளைக்குக் கிளை தாவாமல் பற்றிப் பற்றி நகரும் பிராணி. பூச்சிகளே அதன் முக்கிய உணவு. தொடர்ச்சியான உயிர்வேலி அதற்குப் பாதை, நமக்குப் பூச்சிக் காவல்.

நெசவாளர் குடியிருப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேலம், ஈரோடு வட்டாரங்களில் பாவு நீட்டிக் கஞ்சியிடுவதற்கென்று ஊர்ப் பொதுவாக விடப்பட்ட நீண்ட நிலத்தைப் பாவடி என்பர். அது நெசவாளரின் தொழிற்கூடம். அதன் மரங்களே அதற்குக் கூரை. வெயில் ஏறினால் கஞ்சி சீராகப் பிடிக்குமுன் காய்ந்து இழை மொறமொறத்து அறும். ஆகவே விடியற்காலையும் மரநிழலும் வேண்டியிருந்தன. இப்போது பல ஊர்களில் பாவு இயந்திரத்தில் கஞ்சி ஏறி வருவதால், பாவடி "சும்மா கிடக்கும் இடம்" என்று தோன்றி, ஆக்கிரமிப்புக்கோ கடை கட்டுவதற்கோ இலக்காகிறது. சங்கம் அந்நிலத்தைப் பூங்காவாக வைத்துக்கொள்வதே மேல். நடுவில் நேர்க்கோடான திறந்த வெளியும் இருபுறமும் மரவரிசையுமாக அமைத்தால், வேண்டும்போது பாவும் போடலாம், மாலையில் குழந்தைகளும் விளையாடலாம். அங்கே நாவல், அத்தி போன்ற பழமரம் கூடாது. பறவை எச்சம் பாவில் விழுந்தால் கறை போகாது. உலர்ந்த நெற்று மட்டுமே உதிர்க்கும் புங்கு அங்கே தகுதியானது.

புதிய குடியிருப்பு மனைகளுக்கு 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஓர் ஏற்பாடு செய்துள்ளன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். அந்த இடம் முள் மண்டிக் குப்பை மேடாவதற்குக் காரணம் பணக்குறை மட்டுமன்று; முதலில் மண்ணை நிறுத்தாமல் செடியை நடுவதே. 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில் இதற்கு நல்ல சான்று. மழை அரித்து ஓடைகளாகப் பிளந்திருந்த செம்மண் மேட்டில், அங்குள்ளவர்கள் மழைநீர் வழிந்தோடாதபடி வரப்புகள் எழுப்பினர். வறட்சி தாங்கும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நிழலுக்காக முதலில் வளர்த்தனர். அந்நிழலில் நாட்டு மரங்கள் தலையெடுத்தன. நமக்கு அவ்வளவு பரப்பு இல்லாவிட்டாலும், வரப்பு முதலில், மரம் பிறகு என்னும் வரிசை அரை ஏக்கருக்கும் பொருந்தும்.

நடும் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை முதல் சனிக்கிழமை சர்வதேசக் கூட்டுறவு நாள். அன்று மரம் நடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நம் பகுதியில் அது ஆடிக்காற்று அடிக்கும் வறண்ட காலம். அன்று மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டும் விழாவை வைத்துக்கொள்ளலாம். வேலையும் பார்த்ததாகும், குழியும் ஆறும். மேல்மண், மட்கிய தொழுவுரம், கறையானுக்கு மாற்றாக இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு இட்டு மூடி, ஐப்பசி முதல் மழையில் கன்றை நட வேண்டும். நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் கூட்டுறவு வாரத்தில் பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்று நடலாம். கன்றின் பக்கத்தில் மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பிவிட்டால், நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேரைச் சேரும். தூரைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். சருகைக் கூட்டி எரிப்பது சுத்தமல்ல, விரயம்.

முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் வார்ப்பவரின் கூலியை வரவு செலவுத் திட்டத்தில் தனியே காட்டிப் பேரவையில் ஒப்புதல் பெற வேண்டும். நடும் செலவை மட்டும் எழுதிவிட்டு வளர்க்கும் செலவை எழுதாமல் விடுவதால்தான் கன்றுகள் பங்குனியில் மடிகின்றன. நாற்காலி மேசைக்கு இருப்புப் பதிவேடு வைப்பதுபோல மரத்திற்கும் ஒன்று வைத்து, எண் இட்டு, நட்ட தேதி எழுதலாம். புளி, வேப்பங்கொட்டை, புங்கங்கொட்டை மகசூலை ஏலம் விட்டால் வரும் தொகையும் அதிலேயே ஏறட்டும். வளாகத்தில் ஏற்கெனவே பனை நின்றால் அதைத் தொடாமல் திட்டம் வரைக. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. காண்ட்ராக்டர் இதை அறிந்திருப்பார் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.