குச்சியில் உறைந்த பாற்சுவை

மெக்சிகோ நாட்டின் மேற்குப் பகுதியில் மிச்சோவாக்கான் என்னும் மாநிலம் உண்டு. அம்மாநிலத்தில், கரும்பு விளையும் பள்ளத்தாக்கு ஒன்றன் அருகே, தொக்கும்போ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் நுழைவாயிலில் மாபெரும் சிலையொன்று நின்று, வருவோரை வரவேற்கிறது. போரில் வென்ற தளபதிக்கோ நாடாண்ட தலைவருக்கோ எழுப்பிய சிலையாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அருகே சென்று நோக்கினால் வியப்பு மேலிடும். அது ஒரு குச்சி ஐஸின் சிலை!

ஒரு சிற்றுண்டிக்கு ஓர் ஊரே நன்றிக்கடன் செலுத்துகிறது என்றால், அதன் பின்னே ஒரு வரலாறு இருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வரலாற்றையும், அச்சிற்றுண்டியை நம் இல்லங்களிலேயே செய்துகொள்ளும் முறையையும் இம்மாதம் காண்போம்.

ஓர் ஊரை வாழவைத்த தொழில்

மெக்சிகோ மக்கள் குச்சி ஐஸைப் 'பலேத்தா' என்று அழைக்கின்றனர். ஸ்பானிய மொழியில் 'பாலோ' என்றால் குச்சி. அதிலிருந்து பிறந்த சொல் இது என்று கூறுவோர் உண்டு. பலேத்தாவில் இரு வகை உண்டு. பழச்சாறும் நீரும் சர்க்கரையும் கலந்து உறையவைப்பது நீர்ப் பலேத்தா. பாலும் பாலேடும் சேர்த்துச் செய்வது பால் பலேத்தா. பின்னதே இங்கு நம் பொருள்.

1930களில் தொக்கும்போ ஊரில் இத்தொழில் வேரூன்றியது. அந்நாளில் அது ஏழை ஊர். பிழைப்புத் தேடி வெளியூர் சென்றவர் பலர். 1940களில் அவ்வூரைச் சேர்ந்த இக்னாசியோ அல்காசர், அகுஸ்தின் அந்திராதே ஆகியோர் தலைநகராகிய மெக்சிகோ நகரில் பலேத்தாக் கடைகளைத் திறந்தனர். பெரும் படிப்போ பெரும் முதலோ இல்லாதவர்கள் அவர்கள். கடை நன்றாக ஓடத் தொடங்கியதும் அவர்கள் செய்த செயலே நம் கவனத்துக்குரியது. புதிய கடைகளை நிறுவி, அவற்றைத் தம் உறவினருக்கும் ஊராருக்கும் கடனாகவே விற்றனர். வாங்கியவர் கடையை நடத்தி, அன்றாட வருவாயிலிருந்து சிறுகச் சிறுகக் கடனை அடைத்தார். அடைத்து முடித்தவர் தம் தம்பிக்கோ மைத்துனருக்கோ அதே வண்ணம் உதவினார். இவ்வாறு ஒருவர் கை மற்றொருவரைத் தூக்கிவிட, 'லா மிச்சோவாக்கானா' என்னும் பெயர்ப்பலகை மெக்சிகோவின் ஊர்தோறும் தோன்றிற்று. எல்லாக் கடைகளையும் ஆளும் ஒரே முதலாளி எவரும் இலர். ஒவ்வொரு கடையும் ஒரு குடும்பத்தின் உடைமை.

பின்னாளில் பலர் வடக்கே அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கடை வைத்தனர். பொதுச் சொத்தாய் இருந்த பெயருக்கு அங்கே உரிமைப் போட்டி எழுந்து, 2014இல் வாஷிங்டன் நகர நீதிமன்றம் தீர்ப்புக் கூறும் அளவுக்குச் சென்றது. பணம் பெருகும் இடத்தில் வழக்கும் பெருகுவது உலக இயல்பே. எனினும், எங்கெங்கோ சிதறி வாழும் தொக்கும்போ மக்கள் டிசம்பர் மாதத் திருநாள்களுக்குத் தாய் ஊர் திரும்பும் வழக்கத்தை விடவில்லை.

சுவையின் பல வண்ணங்கள்

பால் பலேத்தாவின் சுவைகள் அந்நாட்டு மண்ணோடும் மரபோடும் பிணைந்தவை. சமோரா வட்டாரத்தில் செழிக்கும் செம்புற்றுப் பழம், அஃதாவது ஸ்ட்ராபெரி, பாலேட்டுடன் சேர்கிறது. செலாயா நகரின் புகழ்பெற்ற கஹேத்தா சேர்கிறது. ஆட்டுப்பாலைச் சர்க்கரையுடன் பழுப்பு நிறம் வரும்வரை காய்ச்சும் பாகு அது. தேங்காய், பாதாம் போன்ற பருப்புகள், கொய்யா ஆகியனவும் உண்டு. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்துப் பட்டை சேர்க்கும் பால்சோறும் பலேத்தா ஆவதுண்டு.

ரொம்போப்பே என்னும் சுவையை நம் வாசகர்கள் விரும்பிக் கேட்பர். முட்டையின் மஞ்சட்கரு, பால், சர்க்கரை, பட்டை ஆகியவற்றோடு சிறிது மதுவும் கலந்த பானம் அது. 17ஆம் நூற்றாண்டில் புவெப்லா நகரின் புனித கிளாரா கன்னியர் மடத்துச் சமையற்கூடத்தில் அது பிறந்ததாக அந்நாட்டு மரபு கூறுகிறது. மடத்து விருந்தினருக்கென அருட்சகோதரிகள் காய்ச்சிய பானம் இன்று குச்சியில் உறைந்து குழந்தைகளின் கைக்கு வந்துவிட்டது. குழந்தைகளுக்குச் செய்வோர் மதுவை நீக்கிவிடல் வேண்டும்.

நமக்கும் அந்நாட்டுக்கும் கடல் பல இடையே உள. ஆயினும் சமையலறையில் உறவு நெருக்கமானது. மெக்சிகோ மக்கள் விரும்பும் பட்டை, தாள்போல் மெலிந்து சுருண்ட இலங்கைப் பட்டையே. நாம் 'சப்போட்டா' என்று அழைக்கும் பழத்தின் பெயர், அந்நாட்டுப் பழங்குடியினரின் நவாத்ல் மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்தது. ஆசியாவின் மாம்பழமோ எதிர்த்திசையில் பயணம் செய்தது. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஓடிய பாய்க்கப்பல்கள் அதைக் கொண்டுசேர்த்தன. அங்கே ஒரு வகை மாம்பழத்துக்கு 'மணிலா' என்றே பெயர்.

ஏன் சில கல்லாகின்றன?

வீட்டில் பாலை அச்சில் ஊற்றி உறையவைத்த தாய்மார் பலர், "பல் உடைகிறது, ஐஸ் தனியே, பால் தனியே நிற்கிறது" என்று குறை கூறுவர். காரணம் எளிது. பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். குளிரில் நீர் மட்டும் பிரிந்து படிகங்களாகிறது. படிகம் பெரிதானால் நாவில் மணல்போல் உறுத்தும். சிறிதானால் வெண்ணெய்போல் வழுக்கும். ஐஸ்கிரீமை இயந்திரம் கடைந்துகொண்டே உறையவைப்பதால் படிகங்கள் சிறுக்கின்றன, காற்றும் உட்புகுகிறது. பலேத்தாவைக் கடைவதில்லை. ஆதலின் வேறு மூன்று வழிகளை நாம் கையாளல் வேண்டும்.

முதலாவது, பாலைச் சுண்டக் காய்ச்சி நீரைக் குறைத்தல். இரண்டாவது, சர்க்கரையும் கொழுப்பும் போதிய அளவு சேர்த்தல். சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. கொழுப்பு படிகங்களின் வளர்ச்சியைத் தடுக்கும். மூன்றாவது, விரைந்து உறையவைத்தல். கலவை எவ்வளவு விரைவாக உறைகிறதோ அவ்வளவுக்குப் படிகம் சிறுக்கும்.

செய்முறை

தேவையானவை: பால் 1 லிட்டர், கட்டிப்பால் என்னும் கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம் டின் ஒன்று, பாலேடு அல்லது கடையில் கிடைக்கும் பிரெஷ் கிரீம் 200 மில்லி லிட்டர், விரல் நீளப் பட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. இவ்வளவில் 80 மில்லி லிட்டர் கொள்ளும் அச்சுகள் 13 அல்லது 14 நிரம்பும். எருமைப்பால் ஆனால் பாலேட்டைப் பாதியாகக் குறைக்கலாம்.

அடிகனத்த பாத்திரத்தில் பாலையும் பட்டையையும் இட்டு, மெல்லிய தீயில் கிளறியவாறு 600 மில்லி லிட்டராகச் சுண்டக் காய்ச்சவும். அடி பிடித்தால் அந்த வாடை கடைசிவரை நீங்காது. எனவே கரண்டியைக் கீழே வைக்கலாகாது. இறக்கி, பட்டையை எடுத்துவிட்டு, கட்டிப்பாலும் உப்பும் சேர்த்துக் கலக்கவும். ஆறிய பின் பாலேட்டைச் சேர்க்கவும். சுவைத்துப் பார்க்கையில் சற்று மிகை இனிப்பாகவே இருக்க வேண்டும். குளிர்ந்த பண்டத்தின் இனிப்பை நா குறைத்தே உணரும்.

இக்கலவையைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மணி நேரம் வைத்து நன்கு குளிரவிடவும். பின்னர் அச்சில் ஊற்றுக. அச்சு இல்லாதோர் சிறிய எவர்சில்வர் டம்ளர்களைக் கொள்ளலாம். உலோகத்தில் விரைவாகவே உறையும். உறையும் நீர் பருத்து எழுமாதலால் மேலே அரை அங்குலம் வெற்றிடம் விடுக. உறைதட்டின் உட்சுவரை ஒட்டி வைத்து, குளிரை மிகுதியாக்கவும். ஒன்றரை மணி நேரம் சென்று, கலவை கூழ்போல் இறுகியதும் சாயம் பூசாத மரக்குச்சியை நடுவில் செங்குத்தாக நடவும். மேலும் ஆறு மணி நேரமேனும் திறவாமல் விடவும். எடுக்கும்போது அச்சை வெதுவெதுப்பான நீரில் 10 அல்லது 15 வினாடி பிடித்தால் குச்சியோடு வழுவி வரும்.

பால்சோற்றுப் பலேத்தா வேண்டுவோர், 75 கிராம் பச்சரிசியைத் தனியே குழைய வேகவைத்து, சுண்டிய பாலில் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுக, உலர்திராட்சையும் தூவலாம். பழம் விரும்புவோர் 250 கிராம் பழத்தை நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையில் அரை மணி நேரம் ஊறவைத்துச் சேர்க்கவும். ஊறவைக்காத பழத்துண்டு கூழாங்கல்லாய் உறையும். புளிப்புள்ள பழத்தைச் சூடான பாலில் இட்டால் பால் திரியும். இரண்டும் நன்கு குளிர்ந்த பின்னரே கலக்கவும். அன்னாசியைப் பச்சையாகச் சேர்த்தால் பால் கசக்கும். வேகவைத்தே சேர்க்க வேண்டும்.

உறைதட்டு இல்லாத இல்லத்தாரும் மனம் தளர வேண்டா. நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு எனக் கலந்து வாளியில் நிரப்பினால் அதன் குளிர், உறைநிலைக்கு வெகுவாகக் கீழே இறங்கும். டம்ளர்களை அதில் அழுத்தி நிறுத்துக. உப்புநீர் விளிம்பைத் தாண்டாமல் காத்து, உருகிய நீரை வடித்து மீண்டும் கட்டியும் உப்பும் சேர்த்துவந்தால் இரண்டு மணி நேரத்தில் இறுகும். டம்ளரைத் துணியால் பிடியுங்கள். அக்குளிர் விரலைச் சுடும்.

எச்சரிக்கைகள் சில

குளிர் கிருமிகளை உறங்கவைக்குமேயன்றிக் கொல்லாது. எனவே பாலை நன்கு காய்ச்சுவதும், அச்சையும் குச்சியையும் கொதிநீரில் அலசுவதும் கட்டாயம். பனிக்கட்டி வெளியே வாங்கியதாயின் அது கலவையில் படலாகாது. மின்தடையால் உருகிய பலேத்தாவை மீண்டும் உறையவைத்துக் குழந்தைகளுக்குத் தரலாகாது. மேற்கூறிய அளவில் ஒரு குச்சியில், பாலின் இயற்கை இனிப்பு நீங்கலாக, ஏறத்தாழ 13 கிராம் சர்க்கரை இருக்கிறது. நீரிழிவு உடையோர் இதை மனத்திற்கொள்ளல் நன்று. சிறுவர்க்கும் ஒருநாளைக்கு ஒன்று போதும்.

இறுதியாக ஒன்று. நம் தெருவிலும் கைத்தொழில் தெரிந்தும் முதலின்றித் தவிக்கும் சகோதரி ஒருத்தி இருப்பாள். கணவனை இழந்தவளாகவோ, கடனில் அமிழ்ந்தவளாகவோ இருக்கலாம். அவளுக்கு ஒருநாள் உணவளிப்பது நல்லதுதான். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய உறைபெட்டியை வாங்கிக் கொடுத்து, "விற்றுச் சிறுகச் சிறுக அடைத்துவிடம்மா" என்று சொல்வது அவளைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்யும். விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அதற்கும் படித்த பிள்ளைகள் துணைநிற்கலாம். தொக்கும்போ மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உதவி இத்தகையதே. வட்டிக்காரர் வாசலில் நில்லாமல், உறவின் நம்பிக்கையையே முதலாகக் கொண்டு அவர்கள் ஊரை உயர்த்தினர். அச்சிலை நிற்பதும் அந்த நம்பிக்கையின் மீதுதான்.