'குட்ஃபெல்லாஸ்': போட்டுக்கொடுத்தவன் ஏன் கடைசிவரை வருந்தவே இல்லை?

திருட்டு சிகரெட் விற்ற பையன் ஒருவன் போலீஸில் சிக்குகிறான். கோர்ட்டில் யார் பெயரையும் சொல்லவில்லை. வெளியே வந்தால் செம திட்டு விழும் என்று பயந்தபடி நடக்கிறான். ஆனால், அங்கே காத்திருக்கும் கேங்ஸ்டர்கள் கைதட்டி, கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார்கள். ஜிம்மி என்பவர் அவனிடம் பணத்தைத் திணித்து இரண்டு பாடம் நடத்துகிறார்: கூட்டாளியைப் போட்டுக்கொடுக்காதே. எப்போதும் வாயை மூடிக்கொண்டிரு.

பல வருடங்கள் கழித்து அதே பையன், இன்னொரு கோர்ட்டில் சாட்சியாக உட்கார்ந்து அதே ஜிம்மியைக் கைகாட்டுகிறான். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'குட்ஃபெல்லாஸ்' (1990), இந்த இரண்டு கோர்ட் காட்சிகளுக்கு நடுவே நடக்கும் கதை.

யார் இந்த ஹென்றி ஹில்?

கற்பனைக் கேரக்டர் இல்லை. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் வளர்ந்த நிஜ மனிதர். வீட்டுக்கு எதிரே இருந்த டாக்ஸி ஸ்டாண்டில் எடுபிடியாகச் சேர்ந்து, லூக்கேஸி மாஃபியா குடும்பத்துக்கு நெருக்கமானவர். அப்பா ஐரிஷ் என்பதால் முழு உறுப்பினராக மட்டும் முடியாது. அவர் சொன்ன கதையை நிக்கோலஸ் பிலெஜி 'வைஸ்கை' என்ற புத்தகமாக எழுதினார். படத்தில் பர்க், வேரியோ என்ற நிஜப் பெயர்கள் கான்வே, சிசரோ என்று மாறின. ஹென்றி மட்டும் ஹென்றியாகவே இருக்கிறார்.

ரீல்ஸில் சுற்றும் அந்த கோபகபானா கிளப் ஷாட்டைப் பார்த்தால் இது ஜாலியான படம் என்று தோன்றும். முதல் பாதி அப்படித்தான். 1978 டிசம்பர் 11 அன்று கென்னடி விமான நிலையத்தில் நடந்த லுஃப்தான்சா கொள்ளைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ரொக்கம் மட்டும் சுமார் 50 லட்சம் டாலர். பங்கு கொடுப்பதைவிட ஆளை முடித்துவிடுவதே மேல் என்று முடிவெடுக்கிறார் ஜிம்மி. மென்மையான பியானோ இசை ஓட, காரிலும் இறைச்சி லாரியிலும் பிணங்கள் கிடைக்கின்றன.

போதைப்பொருள் வழக்கில் ஹென்றி சிக்கிய பிறகு ஒரு காட்சி வரும். ஹென்றியின் மனைவி கேரனிடம், "அந்தக் கடையில் நல்ல டிரெஸ் இருக்கு, போய் எடுத்துக்கோ" என்கிற மாதிரி சிரித்தபடியே வழிகாட்டுகிறார் ஜிம்மி. ஆளில்லாத தெரு. கடைக்குள் இருட்டில் நிழல்கள். கேரன் சட்டென்று திரும்பி ஓடிவந்து காரை எடுக்கிறாள். துப்பாக்கியே இல்லை. உள்ளே நிஜமாகவே டிரெஸ்தான் இருந்ததா என்பதையும் படம் சொல்லவில்லை. ஆனாலும், படத்தின் மிகப் பயங்கரமான காட்சி இதுதான்.

அதனால்தான் ஹென்றி 'அப்ரூவர்' ஆகிறார். மனசாட்சி உறுத்தியதால் இல்லை. ஜிம்மி முந்திக்கொள்வதற்குள் இவர் முந்திக்கொள்கிறார், அவ்வளவே. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் பற்றி தம்பதிக்கு விளக்கும் அரசு வழக்கறிஞராக, நிஜத்தில் இந்த வழக்கைக் கையாண்ட எட்வர்ட் மெக்டொனால்டே நடித்திருக்கிறார். க்ளைமாக்ஸில் கேமராவைப் பார்த்து ஹென்றி புலம்புவது செத்தவர்களுக்காக இல்லை. வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, நல்ல ஸ்பகெட்டி கூடக் கிடைக்கவில்லை என்பதற்காக! இப்படிப்பட்ட ஒருவரை நல்லவராக்கிக் காட்டாததுதான் படத்தின் நேர்மை.

நிஜத்தில் என்ன ஆனது?

ஹென்றியின் சாட்சியத்தால் சுமார் 50 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால், லுஃப்தான்சா கொள்ளைக்காக ஜிம்மி பர்க் மீது கடைசிவரை வழக்கே இல்லை. கல்லூரி கூடைப்பந்து சூதாட்ட மோசடியும் ஒரு கொலையும்தான் அவரைச் சிறையில் வைத்தன.

ஹென்றியும் திருந்தவில்லை. மறுபடி போதைப்பொருள் வழக்கில் மாட்ட, பாதுகாப்புத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ஒளிந்து வாழாமல் டிவி பேட்டிகள் கொடுத்தார். 2012 ஜூனில், 69 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அவர் யாருக்குப் பயந்து ஓடினாரோ, அந்த வேரியோ 1988-லும் பர்க் 1996-லுமே, தண்டனைக் காலம் முடிவதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.