விபத்து இழப்பீடு: ஒரே காயத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு தொகை ஏன்?

‘கை முறிஞ்சு போச்சு, எவ்வளவு கிடைக்கும்?’ சாலை விபத்தில் அடிபட்டவர்களின் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். ஆனால், கைக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் ரேட் கார்டு எதுவும் கிடையாது. அந்தக் காயம் உங்கள் பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்பதுதான் கணக்கு.

எங்கே மனு போடுவது?

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். எதிர் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருந்தால், பெரும்பாலும் பணம் தருவது அந்த இன்ஷூரன்ஸ் நிறுவனம்தான்.

என் மேலும் தப்பு இருந்தால்?

விபத்தில் உங்கள் கவனக்குறைவுக்கும் பங்கு இருந்தால், அந்த அளவுக்குத் தொகை குறையும். மொத்தமாகப் போய்விடாது. விதியை மீறினாலே விபத்துக்கும் நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடாது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனது விபத்துக்கோ, காயத்தின் அளவுக்கோ காரணமாக இருந்ததா என்று பார்க்காமல், அதற்காக மட்டும் தொகையைக் குறைக்க முடியாது என 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டாக்டர் சான்றிதழில் ‘45% ஊனம்’ என்று இருந்தால், வருமான இழப்பும் 45% என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடது கையை இழந்த டிரைவருக்குப் பிழைப்பே போய்விடலாம். அதே இழப்போடு ஒரு கிளார்க் வேலையைத் தொடரலாம்.

2020-ல் வந்த இன்னொரு வழக்கு, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பொருந்தும். டேட்டா என்ட்ரி வேலை பார்த்த இளைஞர் வலது கையை இழந்தார். மருத்துவச் சான்றில் ஊனம் 89%. உயர் நீதிமன்றம் அதை 45% என்று எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் வருமான இழப்பை 65% ஆக உயர்த்தியது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். வயது 28, மாத வருமானம் 20,000 ரூபாய், நிரந்தர வேலை இல்லை. 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேர்த்தால் 28,000. ஆண்டுக்கு 3,36,000. இந்த வயதுக்கான பெருக்கல் எண் 17. ஆக, 57,12,000 ரூபாய். வருமான இழப்பு 20% என்றால் கிடைப்பது 11,42,400. அதுவே 60% என்று நிரூபித்தால் 34,27,200. மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் இதற்கு மேல்.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

6 மாதம். 2019 திருத்தத்தில் வந்த இந்த வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் அது இறுதித் தீர்ப்பு அல்ல. அதை நம்பி நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால்?

வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் 161-வது பிரிவின்கீழ் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில்கள் எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டை விடுவது வருமான ஆதாரத்தில்தான். சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். டெலிவரி வேலை, ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள் ஆப்பில் வந்த வருமான விவரத்தை உடனே டவுன்லோடு செய்துவிடுங்கள். விபத்துக்கு முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்பதையும் வக்கீலிடம் விவரமாகச் சொல்லுங்கள். எக்ஸ்-ரே முறிந்த எலும்பைக் காட்டும். முடங்கிப்போன வேலையை நீங்கள்தான் காட்ட வேண்டும்.