கயாக் சிலைக்கு முன்னால் ஒரு கேள்வி

கோடை விடுமுறையில் கிரின்ஸ்டெட்டிலிருந்து கொப்பன்ஹேகன் போயிருந்தோம். அங்கே கிறிஸ்டியன்ஸ்ஹவுன் சதுக்கத்தில் 1938இல் வைத்த கிரீன்லாந்து நினைவுச்சின்னம் இருக்கிறது. பக்கத்து வாங்கில் நாலைந்து பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அவை என்ன பாஷை கதைக்கினம்?" என்று மகள் கேட்டாள்.

"கலாலிசூத். கிரீன்லாந்து மொழி."

"அவையும் எங்களை மாதிரி அகதியா வந்தவையோ?"

இல்லை. கிரீன்லாந்து 1953 வரை டென்மார்க்கின் காலனி. இன்றும் டெனிஷ் அரசுக்குள் தன்னாட்சிப் பகுதி. கிரீன்லாந்தவர்கள் டெனிஷ் குடிமக்கள். ஆனாலும் தலைநகரில் அவர்களையும் அந்நியராகவே பார்க்கிறார்கள்.

இரவு அவளுக்கு ஒரு உண்மைக்கதை சொன்னேன். 1951இல் 22 கிரீன்லாந்துப் பிள்ளைகளைக் கப்பலில் டென்மார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். டெனிஷ் பழக்கி, ஊருக்கு முன்மாதிரியாக்குவது திட்டம். ஆறு பேர் இங்கேயே தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு 16 பேர் திரும்பினார்கள். வீட்டுக்கு அல்ல, நூக் நகரத்துச் சிறுவர் இல்லத்துக்கு. ஏழு வயதில் போன ஹெலன தீசன், துறைமுகத்தில் அம்மாவை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து டெனிஷில் கதைத்தார். அம்மா கலாலிசூத்தில் பதில் சொன்னா. மகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

2020 டிசெம்பரில் பிரதமர் மெத்த ஃபிரடெரிக்சன் மன்னிப்புக் கேட்டார். 2022இல் உயிரோடிருந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டரை இலட்சம் குரோனர் இழப்பீடு கிடைத்தது. மொழி திரும்பிவரவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பம்மா கதைக்கேக்க எனக்கும் அப்பிடித்தான், அப்பா."

எனக்கு நித்திரை வரவில்லை. எங்களிடமிருந்து யாரும் பிள்ளையைப் பறிக்கவில்லை. அந்தத் தாய்மார்பட்ட துயரத்தோடு எங்களுடையதை ஒப்பிடவும் கூடாது. ஆனால் எங்கட வீட்டில் தமிழை நிற்பாட்டியது யார்? நாள் முழுக்க கோட் எழுதிவிட்டு வந்து, களைப்பில் லேசாக இருக்கிறதே என்று டெனிஷில் பதில் சொன்ன நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஹேர்னிங்கிலிருந்து வந்தால் தமிழில் கேட்பா, மகள் டெனிஷில் சொல்லுவாள், நடுவில் நான் மொழிபெயர்ப்பேன். அதை உதவி என்று நினைத்திருந்தேன்.

இப்போது அம்மா வந்தால் நான் குசினிக்குள் போய்விடுகிறேன். முதல் ஞாயிறு இரண்டு பேரும் நல்லாய்த் தடுமாறினார்கள். போன கிழமை மகள் வந்து கேட்டாள்: "அப்பா, இடியப்ப உரல் எங்க? அப்பம்மா கேக்கிறா."

நீங்களும் ஒருக்கா குசினிக்குள் போய்ப் பாருங்கோ.