ஜப்பான் எழுத்தும் கம்ப்யூட்டரும்

தமிழில் 247 எழுத்து. அவற்றைக் கற்றுக்கொண்டால் எதையும் எழுதலாம். ஜப்பான்காரர்களுக்கு அது போதாது. அவர்கள் மூன்று வகை எழுத்தைக் கலந்து எழுதுகிறார்கள். ஹிரகானா ஒன்று, கத்தகானா ஒன்று. இரண்டிலும் அடிப்படை எழுத்து 46. இவை ஓசையைக் காட்டும். மூன்றாவதன் பெயர் கஞ்சி. குடிக்கிற கஞ்சி இல்லை! சீனாவிலிருந்து வந்த எழுத்து. பல சமயம் ஒரு எழுத்தே ஒரு சொல்லாக நிற்கும். அன்றாடத் தேவைக்கு என்று அந்நாட்டு அரசு 2010-இல் வெளியிட்ட பட்டியலிலேயே 2,136 கஞ்சி உண்டு.

கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டும் பலகையில் ஏறக்குறைய நூறு பொத்தான்கள்தான். ஆயிரக்கணக்கான எழுத்தை எப்படி அடிப்பது?

1978-இல் தோஷிபா நிறுவனம் ஒரு இயந்திரத்தை அறிவித்தது. மேசை அளவு, 220 கிலோ எடை. விலை 63 லட்சம் யென். யென் என்பது ஜப்பான் பணம். அதில் சொல்லின் ஓசையை மட்டும் அடித்தால் போதும். 'ஹஷி' என்று அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஹஷி என்றால் பாலம். சாப்பிடும் குச்சியும் ஹஷிதான். ஓரமும் ஹஷிதான். மூன்றுக்கும் வேறு வேறு கஞ்சி. இயந்திரம் அவற்றைக் காட்டும். வேண்டியதை நாம் எடுத்துக்கொள்ளலாம். இன்று கைப்பேசியிலும் இதே முறைதான்.

கம்ப்யூட்டருக்கு உண்மையில் எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அக்காலத்தில் ஒரு எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 256 எண்களே அடங்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஜப்பானியர் இரண்டு இடங்களைச் சேர்த்தார்கள். 65,536 எண்கள் கிடைத்தன. 1978-இல் 6,802 எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுத்தார்கள். ஆனால் எண் போடும் முறைகள் பலவாகப் பெருகின. ஒரு கம்ப்யூட்டரில் எழுதிய கடிதம் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. இதற்கு 'மொஜிபாகே' என்று பெயரே உண்டு. 1991-இல் யூனிகோட் என்ற பொது முறை வந்தது. அதில் எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே எண் பட்டியல். நம் தமிழும் முதலிலேயே அதில் இடம்பெற்றது.

எழுத்துச் சிக்கலால் வயிற்றிலும் அடி விழும். 2007-இல் ஜப்பானில் ஒரு பெரிய விவகாரம் வெளியானது. சுமார் 5 கோடி ஓய்வூதியப் பதிவுகள் யாருடையவை என்றே தெரியவில்லை. காரணங்கள் பல. பெயர் ஒரு முக்கியக் காரணம். காகிதத்தில் கஞ்சியில் இருந்த பெயர்களை, கம்ப்யூட்டரில் ஓசை எழுத்தாக மாற்றிப் பதிந்தார்கள். ஒரே கஞ்சிப் பெயரை 'யூகோ' என்றும் படிக்கலாம், 'ஹிரோகோ' என்றும் படிக்கலாம். யூகோ கட்டிய பணம் ஹிரோகோ பெயரில் கிடந்தால், முதுமையில் யூகோவுக்கு எப்படிக் கிடைக்கும்? அந்த ஆண்டு டிசம்பர் முதல் அரசு மக்களுக்குக் கடிதம் அனுப்பியது. உங்கள் பதிவு சரியா, விடுபட்டது உண்டா, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டது.