வீட்டைச் சுற்றி மின்மினி: இருளும் ஒரு செல்வம்

மைசூரு, ஒளியால் பெயர் பெற்ற நகரம். தசரா நாட்களில் அரண்மனையை ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் அணிசெய்கின்றன. காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902இல் தொடங்கிய மின் உற்பத்தி கோலார் தங்கவயலை இயக்கியது. 1905இல் பெங்களூருத் தெருக்களுக்கும் வெளிச்சம் தந்தது. மின்னொளி வரலாற்றில் இத்தகைய சிறப்புடைய வட்டாரத்தில், மின் இணைப்பு எதுவும் வேண்டாத ஒரு சிறு விளக்கும் உண்டு. அதுவே மின்மினி. அது வீட்டுப் புறத்தில் தென்படுகிறதா என்பது, நகர வளர்ச்சியைப் பற்றிய ஒரு முக்கியமான கேள்வியாகும்.

வண்டும் அதன் வாழ்வும்

மின்மினி ஈ அன்று, வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அதன் வயிற்றின் நுனிப் பகுதியில் உள்ள லூசிஃபெரின் என்னும் பொருள், லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையால் ஆக்சிஜனுடன் இணையும்போது ஒளி பிறக்கிறது. இதில் வெப்பம் மிகக் குறைவு. இந்நொதியின் மரபணு 1985இல் படியெடுக்கப்பட்டது. உணவுத் தொழிற்கூடங்களில் தூய்மையைச் சோதிப்பதற்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் இந்நொதி இன்று பயன்படுகிறது.

ஒளி இவ்வண்டுகளின் மொழி. பெரும்பாலான வகைகளில், பறக்கும் ஆண் தன் இனத்துக்குரிய முறையில் மின்னும். புல்லிலோ செடியிலோ அமர்ந்திருக்கும் பெண் விடையாக மின்னும். இவ்வாறு மின்னும் பருவம் சில வாரங்களே. வாழ்நாளின் பெரும்பகுதி புழுப் பருவமாக ஈர மண்ணிலும் உதிர்ந்த இலைகளுக்கடியிலும் கழிகிறது. அப்புழு நத்தை, மண்புழு ஆகியவற்றை உண்கிறது. பயிரைத் தின்னும் நத்தைகளைக் கட்டுப்படுத்துவதால், தோட்டக்காரருக்கு அது கூலியில்லா உதவியாளன் எனலாம்.

எங்கே, எப்போது காண்பது?

கோடை மழை மண்ணை நனைத்த பின்னர், தென்மேற்குப் பருவமழையின் முற்பகுதி வரை தேடுவது பயன் தரும். பொழுது சாய்ந்த முதல் இரண்டு மணி நேரம் ஏற்றது. வாயில் விளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகச் சுமார் இருபது நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். கைவிளக்கு தேவைப்படின் அதன்மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். கிணற்றடி, வேலியோரப் புதர், வாழைத்தோட்டம், வாய்க்கால் கரை ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மைசூருவில் குக்கரஹள்ளி, காரஞ்சி, லிங்காம்புதி ஏரிகளை அடுத்த குடியிருப்புகளிலும், சாமுண்டி மலையடிவாரத்திலும் இத்தகைய ஈரமும் நிழலும் இன்னும் எஞ்சியுள்ளன.

மாணவர்கள் ஒரே இடத்தில் நின்று, ஐந்து நிமிடங்களில் காணும் மின்னல்களை எண்ணலாம். நாள், மழை, அருகிலுள்ள விளக்குகள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. ஒன்றும் தென்படாத இரவும் பதிவுக்குரியதே. ஆண்டுதோறும் அதே இடத்தில் எண்ணினால், செலவில்லாத ஒரு சுற்றுச்சூழல் கணக்கேடு உருவாகும். வண்டுகளைப் பிடித்துப் புட்டியில் அடைத்தல் கூடாது.

குறைவதன் காரணங்கள்

உலகெங்குமுள்ள வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி 2020இல் வெளிவந்த ஆய்வு, வாழிட இழப்பு, செயற்கை ஒளி, பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றையும் முதன்மையான அச்சுறுத்தல்களாகக் கூறியது. மனையெங்கும் சிமெண்டுத் தளம் பாவினால் புழுவுக்கு மண் இல்லை. நத்தைக்கொல்லி மருந்து தூவினால் அதற்கு உணவு இல்லை. இரவு முழுதும் விளக்கு எரிந்தால் ஆணின் அழைப்பைப் பெண் காண வழியில்லை.

2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எல்.இ.டி. விளக்கைப் பரவலாக்கி மின்செலவைக் குறைத்தது, அது நற்பயனே. எனினும் ஒளி மலிவானால் தேவைக்கு மிஞ்சி ஏற்றும் பழக்கமும் வளரக்கூடும். இதற்கு விளக்கின் நிறத்தை மாற்றுவது மட்டும் முழுத்தீர்வு ஆகாது. பல மின்மினிகளின் ஒளி மஞ்சளும் பச்சையும் கலந்தது. ஆதலால் மஞ்சள் விளக்கும் அவற்றின் குறிகளை மறைக்கலாம். ஒளியைக் கீழ்நோக்கி மறைத்து அமைப்பதும், தேவையற்ற நேரத்தில் அணைப்பதுமே உறுதியான வழிகள்.

செய்யத்தக்கவை

இல்லத்தார் தோட்டத்தின் ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடலாம். மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம். உள்ளாட்சி அலுவலர்கள் சாலையின் பாதுகாப்புக்கு வேண்டிய ஒளியைக் குறைக்காமலே, ஏரிக்கரை விளக்குகளுக்கு மறைப்பு இட்டு, அவை எரியும் நேரத்தையும் வரையறுக்கலாம். பூங்காவின் நடைபாதைக்கு அப்பாலுள்ள புதர்களை ஒளியூட்டாமல் விடுவது செலவையும் மிச்சப்படுத்தும்.

ஆனைமலைக் காடுகளில் மின்மினிகள் பெருந்திரளாக ஒருங்கே மின்னுவது 2022இல் பலரின் கவனத்தை ஈர்த்தது. அத்தகைய காட்சியை நகரம் எதிர்பார்க்க இயலாது. ஆயினும் வீட்டு வேலியில் பத்து மின்மினிகள் தென்படுமாயின், அங்கு மண் ஈரமாகவும் நஞ்சின்றியும் இருக்கிறது, இருளும் எஞ்சியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சாலைக்கு ஒளியும் வேலிக்கு இருளும் ஒருங்கே கிடைக்குமாறு திட்டமிடும் நகரமே இரண்டையும் பேணிக்கொள்ளும்.